‘வந்திருப்பான்’ என்றால் வந்தானா, வரவில்லையா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன. நடக்காமல் போன ஒன்றை, ‘நடந்திருந்தால்’ என்று ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி? முப்பத்தொரு வருடம் திருகோணமலையிலும் அக்கம்பக்கத்திலும் ஆங்கிலம் படிப்பித்தவள் நான். கொப்பி திருத்தும்போது என் சிவப்புப் பேனை அதிகம் தங்கி நின்ற இடமும் இதுதான். மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டுப் பக்கம் முழுவதையும் இதற்கே கொடுக்கிறேன். ஆங்கில உதாரணங்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். கண்ணால் மேய்ந்துவிட்டுப் போகாமல் வாய்விட்டு வாசியுங்கள். இவை காதில் படிய வேண்டிய வாக்கியங்கள்.

ரீச்சர், நான் தரம் 11 படிக்கிறேன். ‘நீ சொல்லியிருந்தால் நான் வந்திருப்பேன்’ என்பதை ‘இஃப் யூ வுட் ஹேவ் டோல்ட் மீ, ஐ வுட் ஹேவ் கம்’ என்று எழுதினேன். பிழை போட்டுவிட்டார்கள். படங்களில் வெள்ளைக்காரர்கள் இப்படிக் கதைப்பதைக் கேட்டிருக்கிறேனே?
— மாணவி, கிண்ணியா

மகள், உங்கள் காதில் பிழையில்லை. அமெரிக்காவில் பலர் பேச்சில் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் எழுத்தில் அதை ஏற்பதில்லை, பரீட்சையில் நிச்சயமாகப் புள்ளி போகும். ‘இஃப்’ இருக்கிற பக்கத்தில் ‘ஹேட்’ வரவேண்டும். மற்றப் பக்கத்தில் ‘வுட் ஹேவ்’. ‘இஃப் யூ ஹேட் டோல்ட் மீ, ஐ வுட் ஹேவ் கம்.’

நம் பிள்ளைகள் இந்த இடத்தில் சறுக்குவதற்குத் தமிழே ஒரு காரணம் என்பது என் அனுபவம். ‘சொல்லியிருந்தால்’, ‘வந்திருப்பேன்’ என்ற இரண்டிலும் ‘இரு’ உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கேட்பதால் ஆங்கிலத்திலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வைக்கக் கை போகிறது. வாக்கியத்தை நீங்கள் யோசிக்காமல் எழுதவில்லை. தமிழின் அமைப்பை நம்பி எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் கிண்ணியா என்பதால் உங்கள் ஊர் உதாரணம் ஒன்று. உங்கள் ஊர்ப் பாலம் 2009 இல்தான் திறந்தார்கள். அதற்கு முன் நான் மூன்று வருடம் கிண்ணியாவில் படிப்பித்தேன். பஸ்ஸில் துறைக்கு வந்து, பாதையில் ஏறித்தான் அக்கரை போகவேண்டும். பாதை என்றால் உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு நடக்கிற பாதைதான் நினைவு வரும். அந்த நாளில் வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போன மிதவைக்கும் அதுதான் பெயர். பஸ் கொஞ்சம் பிந்தினால் பாதை நடுத் தண்ணீரில் போய்க்கொண்டிருக்கும். அது போய்த் திரும்பி வரும்வரை கரையில் நிற்கவேண்டும். முதலாம் பாடம் தொடங்கியிருக்கும். அப்படி நின்ற நாட்களில் மனதுக்குள் ஓடிய வாக்கியம் இது: ‘இஃப் த பஸ் ஹேட் கம் ஃபைவ் மினிட்ஸ் ஏர்லியர், ஐ வுட் ஹேவ் கோட் த ஃபெரி.’ பஸ் ஐந்து நிமிடம் முந்தி வந்திருந்தால் பாதையைப் பிடித்திருப்பேன்.

வகுப்பில் நான் இதற்கு ஒரு வேலை கொடுப்பேன். வாக்கியத்தின் கீழே, உண்மையில் என்ன நடந்தது என்று இரண்டு சின்ன வாக்கியம் எழுத வேண்டும். ‘பஸ் முந்தி வரவில்லை. நான் பாதையைப் பிடிக்கவில்லை.’ மேலே ‘ஆம்’ என்று இருப்பது கீழே ‘இல்லை’ ஆகவேண்டும், மேலே ‘இல்லை’ என்று இருப்பது கீழே ‘ஆம்’ ஆகவேண்டும். அப்படித் தலைகீழாக வந்தால் ‘ஹேட்’டும் ‘வுட் ஹேவ்’வும்தான் தேவை. தலைகீழாக வராவிட்டால் வேறு வகை வாக்கியம். சூத்திரத்தை மனப்பாடம் செய்த பிள்ளைகளைவிட இந்த இரண்டு வரியை எழுதிப் பழகிய பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள்.

நடக்காத ஒன்றுக்கு ஏன் இறந்தகாலத்தை இவ்வளவு தூரம் இழுக்கிறார்கள் என்றும் கடிதத்தின் அடியில் கேட்டிருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் ஒரு காலடி பின்னால் வைத்தால் நிஜத்திலிருந்து ஒரு காலடி விலகியதாக அர்த்தம். ‘அறி’ என்று பொருள்படும் ‘நோ’வை எடுங்கள். இன்றைய நிலைமையை மாற்றி நினைத்துப் பார்க்க ‘நோ’ என்பது ‘நியூ’ ஆகும். நேற்றையதை மாற்றி நினைத்துப் பார்க்க ‘நியூ’ என்பது ‘ஹேட் நோன்’ ஆகும். இது விசித்திரமாகத் தெரிந்தால் தமிழைப் பாருங்கள். ‘நாளைக்கு வந்தால்’ என்கிறோம். வந்தேன், வந்தால். பார்த்தேன், பார்த்தால். ஓடினேன், ஓடினால். நாளைக்கு நடக்கப்போவதற்கு நாம் போடுகிற ‘ஆல்’, இறந்தகால வடிவத்தின் மேல்தான் ஏறி உட்காருகிறது. பேசப் பழகிய நாளில் இருந்தே இதைச் செய்துவருகிறீர்கள். ஆங்கிலம் செய்வது உங்களுக்கு அந்நியமான வேலை இல்லை.

என் பேத்தி சுனாமியைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதினாள். ‘இஃப் வீ நோ அபௌட் த சுனாமி, வீ வில் ரன்’ என்று அவள் எழுதிய இடத்தில் கோடு போட்டிருந்தது. என்ன பிழை என்று எழுதியிருக்கவில்லை. நான் எட்டாம் வகுப்புவரை படித்தவள். அறிந்திருந்தால் ஓடியிருப்போம் என்பது உண்மைதானே?
— ஓர் அம்மம்மா, திருக்கடலூர்

அக்கா, உண்மைதான். உங்கள் பேத்தி சொல்ல வந்ததில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அவள் எழுதிய வாக்கியம் இனி வரக்கூடிய ஒரு சுனாமியைப் பற்றியது. ‘அறிந்தால் ஓடுவோம்’ என்று அர்த்தம். அதில் இன்னும் நேரம் இருக்கிறது, இன்னும் ஓடலாம். 2004 டிசம்பர் 26 முடிந்துபோனது. அதற்கு ‘இஃப் வீ ஹேட் நோன் அபௌட் த சுனாமி, வீ வுட் ஹேவ் ரன்’ என்று எழுதவேண்டும். ‘வுட் ஹேவ் ரேன்’ என்று போட்டுவிட வேண்டாம் என்று பேத்தியிடம் சொல்லுங்கள். ரன், ரேன், ரன் என்று வாய்ப்பாடு சொல்வோமே, அதில் மூன்றாவதுதான் இங்கே வரும்.

கோடு மட்டும் போட்டு விட்டதில் எனக்கு மனவருத்தம். இந்த ஊர்ப் பிள்ளை இந்த விஷயத்தைப் பற்றி எழுதும்போது, எந்தக் காலம் என்று பக்கத்தில் இருந்து காட்டவேண்டும். சரி, அதை நாம் செய்வோம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது அப்போதைய நம் நேரப்படி காலை 6.58க்கு. அலை நம் கிழக்குக் கரைக்கு வந்து சேர ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. பசிபிக் சமுத்திரத்துக்கு 1949 இல் இருந்தே ஹவாயில் ஓர் எச்சரிக்கை நிலையம் இருக்கிறது. இந்து சமுத்திரத்துக்கு அன்று அப்படி ஒன்றும் இருக்கவில்லை. பேத்தியின் கட்டுரையில் இதைச் சேர்க்கலாம்: ‘இஃப் தேர் ஹேட் பீன் எ வார்னிங் சிஸ்டம் இன் தி இந்தியன் ஓஷன், வீ வுட் ஹேவ் ஹேட் டைம் டு லீவ் த ஷோர்.’ எச்சரிக்கை ஏற்பாடு இருந்திருந்தால் கரையை விட்டுப் போக நேரம் இருந்திருக்கும்.

இங்கே ஒரு சொல்லைக் கவனமாகத் தெரிவு செய்யச் சொல்லுங்கள். ‘வுட் ஹேவ்’ என்றால் நிச்சயம். ‘மைட் ஹேவ்’ என்றால் ஒருவேளை. ‘குட் ஹேவ்’ என்றால் வழி இருந்தது, முடிந்திருக்கும். ‘எச்சரிக்கை வந்திருந்தால் எல்லாரும் தப்பியிருப்பார்கள்’ என்று என்னால் எழுத முடியாது. அது எனக்குத் தெரியாது. ‘மெனி பீப்பிள் குட் ஹேவ் பீன் சேவ்ட்’ என்று எழுதுவேன். பலரைக் காப்பாற்றியிருக்க முடியும். போனவர்களைப் பற்றி எழுதும்போது தெரிந்த அளவுக்குத்தான் நிச்சயம் காட்டவேண்டும். இலக்கணம் அதற்கு இடம் வைத்திருக்கிறது.

இன்னொன்று, அக்கா. இந்த வாக்கியத்தைப் புலம்பலுக்கு மட்டும் உரியதாகப் பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். அந்த நாட்களில் கடற்கரையை ஒட்டிய ஒரு வீட்டு முன் அறையில் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு எனக்கு வகுப்பு இருந்தது. பதினான்கு பிள்ளைகள். நத்தாருக்கு மறுநாள் என்பதால் ‘ரீச்சர், இந்த ஒரு ஞாயிறு வேண்டாம்’ என்று முந்திய கிழமையே நச்சரித்தார்கள். பரீட்சை கிட்ட வருகிறதே என்று எனக்குக் கோபம். அரை மனதோடுதான் லீவு கொடுத்தேன். அந்த அறையின் சுவரில் தண்ணீர் என் தோளுயரத்துக்கு அடையாளம் வைத்துவிட்டுப் போயிருந்தது. ‘இஃப் த சில்ட்ரன் ஹேட் நொட் ஆஸ்க்ட் ஃபோர் எ ஹொலிடே, வீ வுட் ஹேவ் பீன் இன் தட் ரூம்.’ பிள்ளைகள் லீவு கேட்காமல் இருந்திருந்தால் நாங்கள் அந்த அறையில் இருந்திருப்போம். கேட்டார்கள். இருக்கவில்லை. அந்தப் பதினான்கு பேரும் இன்று இருக்கிறார்கள். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வகுப்புக்கும் மூன்றாவது கண்டிஷனலை, அதாவது இந்த ‘ஹேட்’, ‘வுட் ஹேவ்’ வாக்கிய வகையை, நான் இந்த வாக்கியத்தில் இருந்துதான் தொடங்கினேன். பேத்தி விரும்பினால் உங்கள் வீட்டில் அன்று யார் எப்படித் தப்பினார்கள் என்று கேட்டு, அதையும் இதே அமைப்பில் எழுதட்டும்.

நிலாவெளியில் ஒரு ஹொட்டேலில் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். வெளிக்கிட்டுக்கொண்டிருந்த ஒரு விருந்தினரிடம் பில்லை நீட்டினேன். நேற்றே கட்டிவிட்டேன் என்றார். ‘அப்படியென்றால் நேற்றுக் கட்டியிருக்க வேண்டும், பார்க்கிறேன்’ என்ற நினைப்பில் ‘யூ ஷுட் ஹேவ் பெய்ட் யெஸ்டர்டே’ என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. நான் மரியாதையாகத்தானே சொன்னேன்?
— வாசகர், நிலாவெளி

தம்பி, நீங்கள் மரியாதையாகத்தான் நினைத்தீர்கள். அவர் காதில் விழுந்தது வேறு: ‘நீங்கள் நேற்றே கட்டியிருக்க வேண்டியவர், கட்டவில்லை.’ கட்டிய மனிதருக்கு அது எப்படி இருக்கும்!

இந்தக் கடிதத்தை நான் இரண்டு தரம் வாசித்தேன். இதுவரை எனக்கு வந்த கேள்விகளில் தமிழையும் ஆங்கிலத்தையும் இவ்வளவு கிட்ட வைத்துக் காட்டியது வேறில்லை. ‘கட்டியிருக்க வேண்டும்’ என்ற தமிழ்ச் சொல்லுக்கு இரண்டு முகம். கணக்குக் கொப்பியைப் பார்க்கப் போகிறவர் சொன்னால், ‘கட்டியிருப்பார், அப்படித்தான் தெரிகிறது’ என்ற ஊகம். கடன் கொடுத்தவர் பல்லைக் கடித்துச் சொன்னால், ‘கட்டவில்லையே’ என்ற குறை. சொல் ஒன்றுதான். குரலும் முகமும் மிச்சத்தைச் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் ஊகத்துக்கு ‘மஸ்ட் ஹேவ்’, குறைக்கு ‘ஷுட் ஹேவ்’ என்று சொல்லையே பிரித்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் சொல்ல வந்தது ‘யூ மஸ்ட் ஹேவ் பெய்ட் யெஸ்டர்டே’.

‘இருக்கலாம்’ என்பதும் இப்படித்தான். ‘தபால் வந்திருக்கலாம், போய்ப் பார்’ என்றால் வந்ததா இல்லையா என்று தெரியாது. ‘கலியாணத்துக்கு ஒரு எட்டு வந்திருக்கலாம்’ என்றால் வரவில்லை, அதில் சொன்னவருக்கு மனத்தாங்கல். முதலாவதற்கு ‘மே ஹேவ் கம்’ பொருந்தும். இரண்டாவதற்கு ‘குட் ஹேவ் கம்’. ‘குட் ஹேவ்’வும் ‘மைட் ஹேவ்’வும் ஆங்கிலத்திலேயே இரண்டு பக்கமும் சாயக்கூடியவை. ஆனால் தெரியாத ஒன்றைச் சொல்ல ‘மே ஹேவ்’ என்று பிடித்துக்கொண்டால் உங்களுக்குப் பிழைக்காது.

மூன்றாவது ‘இருப்பான்’, ‘இருக்கும்’. இந்தப் பக்கத்தின் தலைப்பில் போட்டிருப்பது இதைத்தான். ‘ஐந்து மணிக்கு வெளிக்கிட்டது, இந்நேரம் பஸ் மூதூர் போயிருக்கும்.’ இதில் பஸ் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்புகிறோம். ‘டயர் வெடிக்காமல் இருந்திருந்தால் இந்நேரம் பஸ் மூதூர் போயிருக்கும்.’ இதில் பஸ் வழியில் நிற்கிறது. ‘போயிருக்கும்’ என்ற சொல்லில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை! முன்னதை ஆங்கிலத்தில் ‘வில் ஹேவ் ரீச்ட்’ அல்லது ‘மஸ்ட் ஹேவ் ரீச்ட்’ என்போம். பின்னது ‘வுட் ஹேவ் ரீச்ட்’. ‘வந்திருப்பான்’ என்று மட்டும் ஒருவர் சொன்னால் வந்தானா வரவில்லையா என்பது முன்னே என்ன சொன்னார் என்பதைப் பொறுத்தது.

‘இருந்தால்’ பக்கத்திலும் இதே கதை உண்டு. ‘அவன் நேற்று வந்திருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும்’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். அவன் வரவில்லை என்று தெரிந்தவரும் இதைச் சொல்லலாம், வந்தானா என்று தெரியாமல் விசாரிக்கிறவரும் சொல்லலாம். நம் ஊர்ப் பேச்சில் ‘நேற்று வந்தவனெண்டால்’ என்று மாற்றினால் விசாரிப்பு என்று விளங்கிவிடும். ஆங்கிலத்தில் ‘இஃப் ஹி கேம் யெஸ்டர்டே’ என்றால் வந்தானோ தெரியாது, ‘இஃப் ஹி ஹேட் கம் யெஸ்டர்டே’ என்றால் வரவில்லை. எனவே ஆங்கிலத்தில் வாய் திறக்குமுன் தமிழில் நாம் கேட்டுப் பழகாத ஒரு கேள்வியை நம்மை நாமே கேட்கவேண்டும்: நடந்ததா, நடக்கவில்லையா, தெரியாதா? அந்தப் பதில் கையில் இருந்தால் மிச்சம் தானாக வரும். இந்த ஒன்றைத்தான் முப்பத்தொரு வருடமும் நான் சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன்.

மேசை வேலைக்கு ஒரு புத்திமதி. சந்தேகம் வரும்போது ஊகத்தையே சொல்லவேண்டாம். ‘சொறி சேர், லெட் மீ செக்’ போதும். அந்த விருந்தினர் இன்னும் தொடர்பில் இருந்தால் ஒரு வரி எழுதுங்கள். ‘ஐ ஷுட் ஹேவ் செக்ட் ஃபர்ஸ்ட்.’ நான் முதலில் பார்த்திருக்க வேண்டும். உங்கள் ‘ஷுட் ஹேவ்’ இப்போது இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது.

கிரிக்கெட் வர்ணனையில் பிடி தவறவிட்ட பிறகு ‘இஃப் ஹி டேக்ஸ் தட் கேட்ச், தே வின் த மேட்ச்’ என்கிறார்கள். பந்து நிலத்தில் விழுந்துவிட்டது. ஏன் நிகழ்காலம்? சுருக்கிப் பேசும்போது ‘ஹேட்’ எது, ‘வுட்’ எது என்றும் பிடிபடுவதில்லை.
— வாசகர், சீனக்குடா

நல்ல காது உங்களுக்கு. இலக்கணப்படி ‘இஃப் ஹி ஹேட் டேக்கன் தட் கேட்ச், தே வுட் ஹேவ் வன் த மேட்ச்’ என்றுதான் வரவேண்டும். வர்ணனையாளர் இன்னும் அந்தக் கணத்துக்குள்ளேயே நிற்கிறார். திரும்பத் திரும்பத் திரையில் அந்தப் பிடி தவறிக்கொண்டிருக்கிறது. அதனால் நடக்கிற காட்சியாகவே சொல்லிவிடுகிறார். பேச்சில் அது உயிரோட்டமாக இருக்கிறது, எனக்கும் பிடிக்கும். எழுதும் தாளில் வேண்டாம்.

சுருக்கத்துக்கு வருவோம். ‘ஹி ஹேட்’, ‘ஹி வுட்’ இரண்டும் வாயில் ஒரே ‘ஹீட்’ ஆகிவிடும். காதால் பிரிக்கப் பார்க்காதீர்கள், முடியாது. அடுத்த சொல்லைப் பிடியுங்கள். பின்னால் ‘ஹேவ்’ வந்தால் முன்னால் இருந்தது ‘வுட்’. ‘டேக்கன்’, ‘கோன்’, ‘நோன்’ போன்றது நேரே வந்தால் அது ‘ஹேட்’. அந்த ‘ஹேவ்’கூட வேகத்தில் ‘அவ்’ என்று தேய்ந்துவிடும். அதனால்தான் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சிலரும் ‘வுட் ஒஃப்’ என்று எழுதிவைக்கிறார்கள். யார் எழுதினாலும் அது பிழை.

புத்தகத்தில் ‘ஹேட் ஹேட்’ என்று இரண்டு தரம் வந்திருந்தது. அச்சுப் பிழையா? ‘ஹேட் ஐ நோன்’ என்று ‘இஃப்’ இல்லாமலும் ஓரிடத்தில் இருந்தது.
— உயர்தர மாணவர், உப்புவெளி

இரண்டும் சரி. ‘எங்களிடம் ஒரு வள்ளம் இருந்திருந்தால்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘இருந்திருந்தால்’ என்பதில் ‘இரு’ இரண்டு தரம் வரவில்லையா? ஒன்று, வள்ளம் நம்மிடம் இருப்பதைச் சொல்கிறது. மற்றது, அந்தக் காலத்தையும் அது நடக்கவில்லை என்பதையும் சொல்கிறது. ‘இஃப் வீ ஹேட் ஹேட் எ போட்’ என்பதிலும் அதுவேதான். முதல் ‘ஹேட்’ காலத்துக்கு, இரண்டாவது வள்ளத்துக்கு. தமிழில் அச்சுப் பிழை என்று நமக்குத் தோன்றவே தோன்றாது.

‘இஃப்’பை எடுத்துவிட்டு ‘ஹேட்’டை முன்னுக்குக் கொண்டுவந்தால் ‘ஹேட் ஐ நோன், ஐ வுட் ஹேவ் கம்’. கருத்து ஒன்றே. விறைப்பான எழுத்துநடை, உத்தியோகக் கடிதத்துக்குப் பொருந்தும். கூட்டாளியோடு கதைக்கும்போது தேவையில்லை.

1990 இல் அண்ணன் கனடாவுக்கு வரச் சொன்னார், நான் போகவில்லை. அவருடைய பேரனுக்குத் தமிழ் வாசிக்க வராது. ‘அன்று வந்திருந்தால் இப்போது உன் பக்கத்து வீட்டில் இருப்பேன்’ என்று ஆங்கிலத்தில் எழுத விருப்பம். ‘வுட் ஹேவ்’ போட்டால் ஏதோ இடிக்கிறது.
— ஓய்வுபெற்ற லிகிதர், உவர்மலை

ஐயா, இடிப்பது நியாயம். நீங்கள் போகாதது அன்று, பக்கத்து வீட்டில் இல்லாதது இன்று. ‘வுட் ஹேவ்’ போட்டால் இரண்டும் பழைய கதையாகிவிடும். இன்றைய விளைவுக்கு வெறும் ‘வுட்’ போதும்: ‘இஃப் ஐ ஹேட் கம் டு கனடா இன் 1990, ஐ வுட் பி லிவிங் நெக்ஸ்ட் டோர் டு யூ நவ்.’ தமிழிலும் நீங்கள் ‘இருந்திருப்பேன்’ என்று எழுதவில்லை, ‘இருப்பேன்’ என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கை சரியாகவே போயிருக்கிறது.

மாணவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சுவாமி மலையில் நின்று பார்க்கிற எவருக்கும் தோன்றக்கூடிய வாக்கியம் இது: ‘17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோணேசர் கோவிலை இடிக்காமல் இருந்திருந்தால் அந்தப் பழைய கோவில் இன்றும் இங்கே நிற்கும்.’ இடித்தது அன்று, அது நிற்காதது இன்று. எனவே ‘ஹேட் நொட்’ ஒரு பக்கம், ‘வுட் ஸ்டில் பி ஸ்டாண்டிங்’ மறுபக்கம்.

ஐயா, கடிதத்தின் கடைசியில் உங்கள் அப்பா வைத்த கறுத்தக்கொழும்பான் மாமரத்தைப் பற்றி நான்கு வரி எழுதியிருக்கிறீர்கள். எல்லாரும் ஊரை விட்டு வெளிக்கிட்ட அந்த வருடம் அதற்குத் தண்ணீர் ஊற்ற நீங்கள் ஒருவர்தான் நின்றீர்கள் என்று. பையனுக்கு எழுதும் கடிதத்தில் அது இல்லை. சேர்த்துவிடுங்கள்: ‘இஃப் ஐ ஹேட் கோன், நோபடி வுட் ஹேவ் வோட்டர்ட் த மேங்கோ ட்ரீ.’ தண்ணீர் ஊற்றியது அன்றைய காரியம், ஆகவே இங்கே ‘வுட் ஹேவ்’. மேலே ‘கம்’ என்று எழுதிவிட்டு இங்கே ‘கோன்’ என்று மாற்றியதைக் கவனித்திருப்பீர்கள். முன்னதில் பையன் இருக்கும் வீட்டு வாசலில் நின்று பேசுகிறீர்கள். இதில் உங்கள் முற்றத்தில், மரத்தடியில் நிற்கிறீர்கள்.